அம்மா பஸ்ஸில் அனுப்பும் கூடையை நிறுத்தச் சொன்னது தப்பா?

போளூர்ப்பையன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் முறை. ஊர், போளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வேலூரில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதல் ஆண்டு முழுவதும் இலவச பஸ் அட்டையில் போய் வந்தேன். விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. இந்த ஆண்டு ஆய்வக வேலை மாலை வரை நீள்கிறது என்று அப்பாவிடம் கெஞ்சி, வகுப்பு நண்பர்கள் இருவருடன் பாகாயத்தில் ஒரு மாடி அறை எடுத்தேன். வாடகை 6,000. தலைக்கு 2,000 ஆகிறது. முன்பணம் 30,000. வீட்டிலிருந்து மாதம் 4,000 வருகிறது, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000.

விஷயம் பணம் இல்லை, ஒரு கூடை. புதன்கிழமைதோறும் அம்மா ஒரு தனியார் பஸ்ஸில் கூடை கொடுத்தனுப்புவார். தூக்கில் கருவாட்டுக் குழம்பு, டப்பாவில் மல்லாட்டைப் (நிலக்கடலை) பொடி, வாழையிலையில் சுற்றிய அடை, சில நேரம் துவைத்து மடித்த என் சட்டையே இருக்கும். பாகாயம் நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொள்வேன். கூடையைக் கண்டால் அறை நண்பர்கள், 'பால்வாடிக்குச் சத்துணவு வந்துவிட்டது' என்பார்கள். கல்லூரியிலும் அந்தப் பெயர் பரவிவிட்டது. ஒரு நாள் வகுப்பிலேயே ஒருவன் 'பால்வாடி' என்று கூப்பிட, பேராசிரியர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அன்று இரவு அம்மாவுக்கு போன் செய்து, 'இனிமேல் அனுப்ப வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னேன். 'சரி' என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் ஓட்டலில் சாப்பிட்டேன். இரண்டாம் வாரம் நண்பனுடைய இண்டக்‌ஷன் அடுப்பில் சமைத்தேன். ஒரு நாள் சோறு கஞ்சியாகும், மறுநாள் கல்லாகும். மூன்றாம் வாரம் மீந்த சோற்றை வதக்கிச் சாப்பிட்டு ஒரு பகல் முழுவதும் வாந்தி. இன்று தேதி 19. கையில் 140 ரூபாய் இருக்கிறது. மின்கட்டணம் என்று வீட்டுக்காரர் மூன்று பேருக்கும் சேர்த்து 1,430 கேட்கிறார். வீட்டில் எதையும் சொல்லவில்லை.

தனியாக வாழக் கற்றுக்கொள்ளத்தானே நிறுத்தச் சொன்னேன்? அது தப்பா?

கல்லுக்கோட்டை

தப்பே இல்லை. 1996-இல் கொசப்பேட்டையில் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தோம். பம்ப் ஸ்டவ் ஒன்று, குண்டான் ஒன்று. மண்ணெண்ணெய் தீர்ந்தால் அன்றைக்குப் பட்டினி. எங்களுக்கு எந்தப் பஸ்ஸில் எந்தக் கூடை வந்தது? மூன்று வாரத்தில் யாரும் கற்றுக்கொள்வதில்லை, தம்பி. மூன்று மாதம் தாங்கு. சோறு கஞ்சியானால் கஞ்சியைக் குடி. மறுபடி கூடையை வரவழைத்தால் நாற்பது வயதிலும் கூடைக்காகத்தான் நிற்பாய்.

இரவுப்பணி

நான் செவிலியர். அறிவுரை பிறகு, முதலில் உடம்பு. இரவு எட்டு மணிக்கு வடித்த சோற்றை அப்படியே மூடி வைத்து, மறுநாள் மதியம் எண்ணெயில் வதக்கியிருப்பாய். சரிதானே? அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதிக்கும் நீரிலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சை விட்டுவிடும். பிறகு வாணலியில் எவ்வளவு வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்திருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். வேலூர் வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

சோறு மீந்தால், ஆறியவுடன் தண்ணீர் ஊற்றி வை. இரவில் புளித்து அதில் லாக்டிக் அமிலம் ஊறும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமி தழைப்பது கடினம். காலையில் வெங்காயத்துடன் சாப்பிடு. நாற்றமோ நூலோ வந்திருந்தால் கொட்டிவிடு. மீந்ததை வதக்கும் யோசனையைக் குளிர்சாதனப் பெட்டி வாங்கும் நாள் வரை தள்ளிப் போடு.

மறுபடி வாந்தியோ பேதியோ வந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடிவிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். காய்ச்சல் சேர்ந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போ. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 104-க்கு அழை.

கல்லுக்கோட்டை அண்ணா, பட்டினி கிடந்து கற்றுக்கொண்டவர்களை நான் இரவுப் பணியில் பார்க்கிறேன். பெரும்பாலும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்.

ஆரணிக்காரி

தம்பி, மூன்று கேள்வி. கேலி செய்த நண்பர்கள் அந்தக் கருவாட்டுக் குழம்பைத் தின்றார்களா, இல்லையா? உனக்கு அக்காவோ தங்கையோ இருக்கிறாளா? துவைத்து மடித்த சட்டை கூடையில் வந்தது என்றால், அழுக்குச் சட்டை எதில் போனது?

கோபத்தில் கேட்கவில்லை. நான் 2009-இல் ஆரணியிலிருந்து வந்தேன். தறி ஓடும் வீடு, பதினொரு வயதிலிருந்து அடுப்படியில் இருந்தவள். காட்பாடியில் மகளிர் விடுதியில் சேர்ந்த முதல் நாள் காலை, நாஷ்டாவுக்கு யாரோ ஒருவர் என் தட்டில் பொங்கல் வைத்தார். நான் அரைக்காத சட்னி. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமைக்காமல் சாப்பிட்டதுதான் எனக்குத் தனியாக வாழ்வதன் முதல் ருசி.

நான் தடுமாறிய இடம் வேறு. தேர்வுக் கட்டணத்துக்கு வங்கியில் வரைவோலை எடுக்க வேண்டும். அதுவரை வங்கிக்குள் அப்பா இல்லாமல் நுழைந்ததில்லை. படிவத்தை மூன்று முறை தப்பாக நிரப்பினேன். மூன்றாம் முறை அந்தக் காசாளர், 'வீட்டில் பெரியவர்கள் யாரும் வரவில்லையா' என்று கேட்டார். 'நான்தான் வந்திருக்கிறேன்' என்றேன். கை நடுங்கியது. நான்காவது படிவம் சரியாக இருந்தது.

அதனால் சொல்கிறேன். சமைக்கத் தெரிவதுதான் தனியாக வாழ்வது என்றால் எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் பன்னிரண்டு வயதிலேயே தனியாக வாழ்ந்துவிட்டார்கள். உன் சிக்கல் கூடையிலும் இல்லை. 140 ரூபாய்தான் மிச்சம் என்பதை வீட்டில் சொல்ல முடியவில்லை பார், அங்கே இருக்கிறது.

போளூர்ப்பையன்

அக்கா, தின்றார்கள். புதன் இரவே தூக்கு காலியாகிவிடும். வியாழன் காலையில் குழம்பு இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. கூடை நின்ற முதல் புதன்கிழமை, 'இன்று பஸ் வரவில்லையா' என்று கேட்டவனும் பால்வாடி என்று பெயர் வைத்தவன்தான்.

தங்கை இருக்கிறாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். அழுக்குச் சட்டை அதே கூடையில்தான் போனது. துவைத்தது யார் என்று இதுவரை கேட்டதில்லை.

செவிலியர் அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. இரவு வடித்தேன், மறுநாள் ஒரு மணிக்கு வதக்கினேன்.

மின்னோட்டம்

யாரும் அந்த 1,430-ஐத் தொடவில்லை. அறையில் என்னென்ன ஓடுகிறது, யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்?

போளூர்ப்பையன்

மின்விசிறி இரண்டு, இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று, பக்கெட்டில் போட்டு வெந்நீர் வைக்கும் கம்பி ஒன்று. எங்களுக்குத் தனிச் சிறு மீட்டர் வைத்திருக்கிறார். யூனிட்டுக்கு 10 ரூபாய்.

மின்னோட்டம்

இயற்பியல் மாணவன்தானே? தாளை எடு. 1,500 வாட் கம்பி ஒருவருக்கு அரை மணி நேரம், மூன்று பேருக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு நாளுக்கு 2.25 யூனிட், மாதத்துக்கு 67.5. அடுப்பு 1,500 வாட்டில் நாளுக்கு நாற்பது நிமிடம் என்றால் ஒரு யூனிட், மாதம் 30. பழைய மின்விசிறி ஒன்று 75 வாட். இரண்டும் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 45. கூட்டினால் 142.5 யூனிட். பத்தால் பெருக்கு, 1,425. வீட்டுக்காரர் மீட்டரைத் திருப்பவில்லை. உங்கள் பணத்தில் கிட்டத்தட்டப் பாதி வெந்நீரில் போயிருக்கிறது.

வேலூரில் வெந்நீர்! மார்கழி விடியலில் குளிரும்தான், மறுக்கவில்லை. மாலையில் கல்லூரி விட்டு வந்ததும் குளியுங்கள். சித்திரையில் பகல் இரண்டு மணிக்கு மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் காசில்லாமலேயே கை பொசுங்கும். இன்னொன்று, இந்த ஊர் ஆழ்துளைத் தண்ணீரில் கம்பியின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். அது கனமாக ஆக ஆகத் தண்ணீர் சுட நேரம் கூடும். எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்துத் தேய்த்தால் போகும். ஊறும்போது மின்சாரத்தில் செருகி வைக்காதே என்பதையும் சொல்லித் தொலைக்கிறேன்.

மற்றபடி, வாரியம் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. அதில் உங்கள் பங்கு எங்கே என்று கேட்கலாம்.

மாடிவீட்டம்மா

கேட்கட்டும், நான் பதில் சொல்கிறேன். சத்துவாச்சாரியில் என் மேல்மாடியைப் பத்து வருடமாக மாணவர்களுக்குத்தான் விடுகிறேன். ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம் என்றால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் கட்டண விகிதமே வேறு. அந்த 100 இலவசம் எந்த மூலைக்கு? ஆனாலும் 10 அதிகம்தான். நான் 8 வாங்குகிறேன். மரியாதையாகக் கேட்டால் குறைப்பார்.

மாணவர்களுக்கு வீடு விடுவதில் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைச் சொல்வார்கள். சாமி 1981-இலேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டது. என் மாடித் தொட்டியில் மட்டும் தண்ணீர் நின்றதில்லை. குழாயைத் திறந்து பக்கெட்டை வைத்துவிட்டு மூன்று பேரும் போனில் விளையாடுவார்கள். படிக்கட்டில் அருவி இறங்கும்.

இத்தனை வருடத்தில் குடி வந்த அன்றே கீழே இறங்கி வந்து, 'அம்மா, குப்பை எந்த நேரத்தில் எடுக்க வருவார்கள், மக்கும் குப்பையைத் தனியாக வைக்க வேண்டுமா' என்று கேட்டவன் ஒரே ஒரு பையன். அவனுக்குச் சமைக்கத் தெரியாது, கடைசி வரைக்கும் ரொட்டியும் வாழைப்பழமும்தான். ஆனால் மூன்று வருடம் அவன் இருந்ததே தெரியவில்லை. காலி செய்யும்போது தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனான்.

வாடகைப்படி

6,000 வாடகைக்கு 30,000 முன்பணம் என்பதை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தம்பி, உன்னிடம் ஏதாவது தாள் இருக்கிறதா?

இல்லாவிட்டால் சண்டைக்குப் போகாதே. கொடுத்த 30,000-க்கு ஒரு ரசீதாவது கேட்டு வாங்கு. இனி வாடகையை வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்பு. சுவர், குழாய், கழிப்பறை எல்லாவற்றையும் இன்றைய தேதியில் படம் எடுத்து வை. காலி செய்யும் நாளில் பேசப்போவது அவைதான்.

அடுத்த ஆண்டுக்கு ஒன்று. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். மாணவியருக்கு இந்தத் தூர விதி இல்லை. உன் தங்கைக்கும் சொல்லி வை.

மாடிவீட்டம்மா

சட்டம் சரிதான். போன தடவை உடைத்த கழிப்பறைத் தொட்டிக்கு எந்த அதிகாரி பணம் கொடுத்தார் என்பதையும் சொல்லுங்கள். நானும் மூன்று மாதம்தான் வாங்குகிறேன், வயிற்றெரிச்சலில் கேட்கிறேன்.

லாட்ஜ்வாசல்

2014-இல் படித்துக்கொண்டே, சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் இரவு வரவேற்பறையில் வேலை பார்த்தேன். ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய அந்த மருத்துவமனையை நம்பி வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள் என்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சந்துகளில் அடுப்பும் பாத்திரமும்கூட வாடகைக்குக் கிடைக்கும். கடைப் பலகையில் வங்காள எழுத்து இருக்கும்.

ஒருவர் தம்பியின் அறுவை சிகிச்சைக்காக மேற்கு வங்கத்தில் மால்டா பக்கத்திலிருந்து வந்து நாற்பது நாள் தங்கினார். ஐம்பது வயது இருக்கும். ஊரில் ஒரு டம்ளர்கூடக் கழுவியிருக்க மாட்டார் என்பது அடுப்பைப் பற்றவைத்த விதத்திலேயே தெரிந்தது. முதல் நாள் மாலை நேதாஜி மார்க்கெட்டுக்கு என்னோடு வந்தார். தமிழில் இரண்டு சொல் கற்றுக்கொண்டார்: 'எவ்வளவு', 'வேண்டாம்'. அந்த இரண்டை வைத்துக்கொண்டு நாற்பது நாளும் என்னைவிட மலிவாகக் காய் வாங்கினார்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த சமையலை உனக்கும் சொல்கிறேன். அரிசி வேகும் குண்டானிலேயே உருளைக்கிழங்கைக் கழுவி முழுதாகப் போட்டுவிட வேண்டும். சோறு வடியும்போது கிழங்கும் வெந்திருக்கும். தோலை உரித்து, பச்சை மிளகாய், வெங்காயம், உப்பு போட்டு, பச்சைக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைய வேண்டும். ஆலு சேத்தோ என்பார்கள். நமக்குக் கடுகெண்ணெய் ஒத்துவராது, நல்லெண்ணெய் போதும். ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், அரை மணி நேரம்.

தினமும் மாலை அவர் மனைவிக்கு போன் செய்வார். பருப்புக்கு மஞ்சள் எவ்வளவு, உப்பை முதலில் போடுவதா கடைசியிலா என்று கேட்டுக் கேட்டுத்தான் சமைப்பார். பதினைந்து நாள் கழித்து, அவர் போனில் ஊரிலிருக்கும் மனைவிக்கு ஏதோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பால் பொங்காமல் காய்ச்சுவது எப்படி என்று இருக்க வேண்டும், கையை அப்படி ஆட்டினார். அந்த லாட்ஜில் யாரும் அவரைப் பால்வாடி என்று கூப்பிடவில்லை.

கல்லுக்கோட்டை

அவர் தம்பி உயிருக்காக வந்தவர். இவன் படிக்க வந்தவன். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஆரணிக்காரி

கல்லுக்கோட்டை அண்ணா, ஒரு சந்தேகம். 1996-இல் அந்தக் குண்டானில் வெந்த அரிசி எங்கிருந்து வந்தது?

கல்லுக்கோட்டை

வீட்டிலிருந்து. அறுவடைக்கு அறுவடை ஒரு மூட்டை. மூட்டை வேறு, கூடை வேறு.

இரவுப்பணி

மூட்டையை யார் கொண்டுவந்து கொடுத்தது, அண்ணா?

கல்லுக்கோட்டை

அப்பா. சைக்கிளில். போதுமா?

பழைய நடத்துனர்

பேத்தி இந்த இழையைப் படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்கிறாள். திருவண்ணாமலை–வேலூர் தடத்தில் 1983 முதல் தனியார் பஸ்ஸில் நடத்துனர். அப்போது இரண்டு ஊரும் ஒரே வட ஆற்காடு ஜில்லா. 1989-இல்தான் பிரித்தார்கள். பிரித்த பிறகும் கூடைகளுக்கு அது தெரியாது.

போளூர், சந்தவாசல், கண்ணமங்கலம் என்று வழி நெடுக அம்மாக்கள் நிற்பார்கள். இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்தால் குழம்பு கெட்டுவிடும் என்று ஓட்டுநர் சண்டை போட்டதால், என் இருக்கைக்குக் கீழே வைப்பேன். எந்தக் கூடை யாருடையது என்பதற்குப் பெயர்ச் சீட்டு கிடையாது. கட்டியிருக்கும் துணிதான் அடையாளம். மஞ்சள் துணி கணியம்பாடியில் இறங்கும், கிழிந்த நீலப் பாவாடைத் துணி பாகாயத்தில். கூலி யாரிடமும் கேட்டதில்லை. பண்டிகைக்கு ஒரு படி மல்லாட்டை வந்து சேரும்.

நான் கவனித்தது ஒன்று. கூடையை வாங்க வரும் பையன்களில் சிலர் பஸ் நிற்பதற்கு முன்பே நிற்பார்கள். சிலர் கல்லூரித் தோழர்கள் பார்க்கக் கூடாதென்று மரத்துக்குப் பின்னால் நின்று, பஸ் புறப்படும்போது ஓடிவந்து பிடுங்குவார்கள். இரண்டு வகையையும் பார்த்து எனக்குச் சிரிப்புதான். வராமலே போகிறவன்தான் எனக்குப் பாரம். கூடையைத் திருப்பி எடுத்துப்போக வேண்டும். மாலை அந்த அம்மா அதே இடத்தில் காலித் தூக்குக்காக நிற்பார். தூக்கு கனமாக இருப்பதைக் கையில் வாங்கும்போதே தெரிந்துகொள்வார். நான் ஏதாவது பொய் சொல்வேன், 'பரீட்சை போலிருக்கிறது' என்று. ஒரு முறை ஒரு பையன் தொடர்ந்து இரண்டு வாரம் வரவில்லை. இறங்கிப் போய் விசாரித்தேன். அறையில் மஞ்சள் காமாலையோடு படுத்திருந்தான். கூடை அனுப்பாத வீடாக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை.

தம்பி, நீ நிறுத்தச் சொன்னது தப்பா சரியா என்பது உன் வீட்டு விஷயம். அந்த நடத்துனருக்கு ஒரு வார்த்தை சொன்னாயா? மூன்று வாரமாக பாகாயத்தில் அவர் உன்னைத் தேடியிருப்பார்.

போளூர்ப்பையன்

ஐயா, சொல்லவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

போளூர்ப்பையன் (ஐந்து வாரம் கழித்து)

எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். தேர்வு இருந்தது.

அன்றிரவே அப்பாவிடம் 140 ரூபாய் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'இண்டக்‌ஷன் அடுப்பு யார் வாங்கியது' என்று கேட்டார். நண்பனுடையது என்றேன். 'அப்போது அவனுக்கு மின்கட்டணத்தில் பத்து ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்' என்றார். பிறகு 500 அனுப்பினார். மாதக் கடைசியில் கணக்கைப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். 86 ரூபாய்க்குக் கணக்கு இல்லை. டீயாகத்தான் இருக்கும்.

வெந்நீர்க் கம்பி பரணில் இருக்கிறது. மின்கட்டணம் இந்த மாதம் 760. வீட்டுக்காரரிடம் யூனிட் 8 ரூபாய் என்று கேட்டேன். 9 என்று சொல்லிவிட்டார். 30,000-க்கு ரசீது எழுதித் தந்தார். அதற்கே இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சமையலில் முறை வைத்திருக்கிறோம். பால்வாடி என்று பெயர் வைத்தவனுக்குக் குழம்பு வைக்கத் தெரியும் என்பது இப்போதுதான் வெளியே வந்தது. மூன்று மாதம் வாயைத் திறக்காமல் என் அம்மா குழம்பைத் தின்றிருக்கிறான். துணியை நானே துவைக்கிறேன். காலர் வெளுக்கவில்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது.

கூடை மறுபடி வருகிறது. அம்மாவிடம் குழம்பு வேண்டாம், கேழ்வரகு மாவு, மல்லாட்டை, மிளகாய்த்தூள் மட்டும் போதும் என்றேன். முதல் புதன் அப்படியே வந்தது. இரண்டாம் புதன் மாவுக்கு அடியில் தூக்கு ஒளிந்திருந்தது. நடத்துனரிடம் மன்னிப்புக் கேட்டேன். 'நீ இறந்துவிட்டாய் என்றே முடிவு கட்டிவிட்டேன்' என்று சிரிக்காமல் சொன்னார்.

போன வாரம் கூடையைச் சும்மா திருப்பி அனுப்பக் கூடாதென்று மார்க்கெட்டில் ஒரு கிலோ இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வைத்தேன். புவிசார் குறியீடு பெற்ற காய் என்று போனில் பெருமையாகச் சொன்னேன். 'இங்கே கொல்லையில் காய்த்துத் தொங்குகிறது, இதைக் காசு கொடுத்தா வாங்கினாய்' என்றார் அம்மா. ஆனால் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்ததாகத் தங்கை சொன்னாள்.

இப்போது ஒரு கேள்வி. கேழ்வரகுக் களி கிண்டினால் கட்டி கட்டியாக வருகிறது, உள்ளே வெறும் மாவு. மூன்று முறை முயன்றுவிட்டேன். யாராவது சொல்லுங்கள்.

மாடிவீட்டம்மா

மாவைத் தூவித் தூவிக் கிளறினாயா? அதுதான் தப்பு. முதலில் ஒரு கைப்பிடி நொய்யைக் குழைய வேகவிடு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவு முழுவதையும் நடுவில் ஒரே குவியலாகக் கொட்டு. கிளறாதே. மாவின் நடுவில் கரண்டிக் காம்பால் ஒரு குழி போட்டு, தீயைக் குறைத்து, மூடிவிடு. அந்தக் குழி வழியாக நீர் மேலே வந்து மாவு வேகும். ஐந்தாறு நிமிடம் கழித்து இறக்கி, பாத்திரத்தைக் காலால் இடுக்கிக்கொண்டு துடுப்பால் கிண்டு. காலுக்குத் துணி சுற்றிக்கொள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

கல்லுக்கோட்டை

நொய் கிடைக்காவிட்டால் பழைய சோற்றைப் போடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். துடுப்பு இல்லையென்றால் சொல், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. பாகாயம் பக்கம் வரும்போது தருகிறேன்.

பழைய நடத்துனர்

போளூர்ப் பக்கம் ஓடும் பஸ்ஸில் இப்போதிருக்கும் நடத்துனர் எனக்குத் தெரிந்த பையன்தான். நேற்றுப் பார்த்தேன். கூடை சரியாக வருகிறதாம். ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கு மட்டும் வருகிறது, மூடி வரவில்லை என்று உன் அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார்.

போளூர்ப்பையன்

மூடியில்தான் ஐயா தாளிக்கிறோம். புதன்கிழமை அனுப்பிவிடுகிறேன்.